அம்மா படிக்காத முதல் கடிதம்

“கையை எடுங்க!”

மறுவாழ்வு மையத்தின் வாசலில், மழையில் நின்ற சக்கர நாற்காலியைத் தள்ளப் போனவன் திடுக்கிட்டு நின்றான்.

“நனையுறீங்களேன்னு…”

“ஆசைப்பட்டுத்தான் நனையுறேன். அம்மா சீட்டு வாங்க உள்ள போயிருக்காங்க. ரெண்டு நிமிஷம் தனியா இருக்கேன்… அதுக்குள்ள நீங்க! கேட்டுட்டுத் தள்ளக் கூடாதா?”

கோபத்திலும் அழகான கண்கள்… இமையில் ஒரு துளி தொங்கியது. அதைத் துடைக்க அவளுக்குக் கை எழாது என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

“துடைக்கட்டுமா?”

“ம்… கேட்டீங்கல்ல. துடைங்க.”

கணக்கு டீச்சராக இருந்தவள் அவள். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு பஸ் விபத்தில் கழுத்துத் தண்டுவடம் அடிபட்டது. தோளுக்குக் கீழே எதுவும் அசைவதில்லை. ஊட்டுவது, போனில் எழுதுவது, வந்ததைப் படித்துக் காட்டுவது, எல்லாம் அம்மாதான்.

அரை மணி நேரத்தில், அதே மையத்தின் மாடியில், மறுபடியும் அவனே எதிரில் நின்றான். கை இல்லாமலே போனையும் கணினியையும் இயக்கும் கருவி செய்கிறவனாம். ஊதினால் எழுத்து வரும், உறிஞ்சினால் அழியும்… அப்படி ஒரு குழாய். அவள் வாயில் வைத்துப் பார்த்தாள்.

“எத்தனை மார்க் டீச்சர்?”

“முப்பத்திநாலு.”

“ஐயோ… ஒரு மார்க்ல ஃபெயிலா!”

“குழாயைக் கடிச்சுக்கிட்டு நான் எப்படிப் பேசறது? வாய் ஒண்ணுதான் எனக்கு மிச்சம். செய்யறதுக்கு முன்னாடி எங்கள்ல ஒருத்தரையாவது கேட்டீங்களா?”

கேட்கவில்லை. அன்றிலிருந்து கேட்டான். செவ்வாய்தோறும் அவன், அவள், அவளைப் போலவே அடிபட்ட ஒரு லாரி டிரைவர், மூவரும் ஒரே மேஜையில்.

“முகத்துல ஈ உட்கார்ந்தா கன்னத்தைச் சுருக்கறோம்ல தம்பி… அதை வச்சு ஏதாவது பண்ணேன்” என்றார் டிரைவர்.

அந்தப் பேச்சில்தான் வழி பிறந்தது. மூக்குக்கண்ணாடிச் சட்டத்தில் ஒரு சின்னக் கருவி. திரையில் எழுத்துகள் வரிசையாக நகரும், இடையிடையே ‘அனுப்பு’ என்ற கட்டளையும். வேண்டியது வந்ததும் கன்னத்தைச் சுருக்கினால் போதும்.

மற்ற ஆறு நாட்கள் இருவருக்குமே நீண்டன. அவள் மேற்கூரையைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவன் தன் ஒற்றை அறையில் நின்றபடியே சாப்பிட்டு, ஒற்றைத் தட்டைக் கழுவிக் கவிழ்த்தான்.

ஒரு நாள் அவனிடமிருந்து செய்தி வந்தது. வழக்கம்போல் அம்மாதான் படித்தாள்.

“‘செவ்வாய்க்கிழமைக்காகவே வாரம் முழுக்கக் காத்திருக்கேன்…’” அம்மாவின் குரல் தேய்ந்தது. “பாவம் பார்த்து வர்றவன்டி. நாளைக்கே போயிட்டான்னா தாங்குவியா?”

பாவம் என்ற சொல் சுருக்கென்று தைத்தது.

“வேலையை மட்டும் பாருங்கன்னு எழுதும்மா.”

அம்மாவின் விரலால் வேறென்னதான் எழுத முடியும் அவளால்?

அடுத்த செவ்வாய் அவன் வரவில்லை. அதற்கடுத்ததும்… ஜன்னலுக்கு வெளியே மழை பெய்தது, ஓய்ந்தது. ஆறாம் வாரம் மையத்திலிருந்து கண்ணாடி மட்டும் வந்து சேர்ந்தது.

அம்மா அதை மாட்டிவிட்டு, போனை எதிரே நிறுத்திவிட்டு, அடுப்படிக்குப் போனாள். வாய்விட்டுச் சொன்னால் எழுதும் வசதி போனில் ஏற்கெனவே உண்டு. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் அம்மா… கன்னம் சத்தம் போடாது.

ஒரு எழுத்து… இன்னொரு எழுத்து… முக்கால் மணி நேரம். கன்னம் வலித்தது.

‘அன்னைக்கு நான் சொன்னது பொய். இதை அம்மா எழுதல, நானே எழுதறேன். உங்களைப் பிடிச்சிருக்கு. ரொம்ப…’

அனுப்பியதும் கண் நிறைந்து வழிந்தது. அம்மா ஓடி வந்தாள்.

“என்னடி ஆச்சு? யாருக்கு எழுதின?”

“சொல்ல மாட்டேம்மா.”

மூன்று வருடத்தில் மகள் மறைத்த முதல் விஷயம். போன் அதிர்ந்தது. பழக்கத்தில் நீண்ட அம்மாவின் கை பாதியில் நின்றது. பிறகு அந்தக் கை மகளின் கண்களைத் துடைத்தது.

“நீயே படிச்சுக்கோ” என்று சொல்லிவிட்டு, வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.

‘ஆறு வாரமா நான் யார்கிட்டயும் சரியாப் பேசல. முடியல. எனக்கு நீங்க வேணும். இப்பவே கிளம்பி வரட்டா?’

‘வாங்க’ என்றுதான் எழுத நினைத்தாள். ‘வா’ வந்ததுமே சிரிப்பு முந்திக்கொண்டது. திரையில் ‘அனுப்பு’ வந்து நின்ற அதே நேரம் சிரிப்பில் கன்னம் சுருங்கி, வெறும் ‘வா’ மட்டும் போய்விட்டது…

இன்னொன்று எழுதித் திருத்தலாம்தான். அவள் திருத்தவில்லை.