மீனாம்பிகையின் இரத்தம் உறையவில்லை

பத்து நிமிடத்தில் உறைந்திருக்க வேண்டிய இரத்தம், முக்கால் மணி நேரமாகியும் குழாயைச் சரித்த பக்கமெல்லாம் ஓடியது. இரண்டு கண்ணாடிக் குழாய்களிலும் அதே கதைதான். டொக்டர் குணலட்சுமி அவற்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நிறமும் பழுப்பேறிக் கறுத்திருந்தது.

1967, ஆடி மாதம். பருத்தித்துறைக்கு மேற்கே ஒரு கடலோர வீடு. சோளகக் காற்று முற்றத்துப் புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. மீனாம்பிகையைப் பெற்றவள் பிரசவத்தில் இரத்தப்போக்கு நிற்காமல் இறந்தவள். அப்படியான குடும்பங்களில் இரத்தம் எப்படி உறைகிறது என்று ஆராய்வதே குணலட்சுமியின் வேலை. கலியாணம் நிச்சயமான பெண்ணைச் சோதிக்கத்தான் வந்திருந்தார்.

எலிமருந்து தின்றாலும் இப்படி ஆகுமா என்று பெண்ணின் தாய்மாமன் கேட்டார். ஆகலாம் என்று டொக்டர் சொன்னதுதான் தாமதம். தகப்பன் இரண்டாந்தாரமாகக் கட்டிய சிற்றன்னை இராசமலர் வலைக்கொட்டிலில் எலிமருந்து வைத்திருப்பதாகச் சொல்லிக்கொண்டே மனிதர் பொலிஸுக்கு ஓடினார்.

பகல் பதினொரு மணி. இன்ஸ்பெக்டர் தில்லைநாதன் வந்து இறங்கியபோது வேலியோரம் சனம் கூடியிருந்தது. கிணற்றடியில் பிழிந்து எறிந்திருந்த தேசிக்காய்ப் பாதிகளைக் கோழியொன்று கிளற, எலுமிச்சை மணம் எழுந்தது. இராசமலரை அங்கிருந்து கூப்பிட்டார்கள். கணவன் கடலில், அவள் தனியே வந்து நின்றாள்.

“மருந்து வைச்சது நீர்தானே?”

“ஓம் ஐயா. எலி வலையை வெட்டுது.”

“பிள்ளைக்குக் காலமை என்ன குடுத்தனீர்?”

“புட்டும் மீன்குழம்பும். நானும் அதைத்தான் திண்டனான்.”

“நல்ல சின்னம்மா. மிச்சத்தை ஸ்டேசனிலை வந்து சொல்லும்.”

மீனாம்பிகை எழுந்து செருப்பைத் தேடினாள். “சின்னம்மாவைக் கொண்டுபோனால் நானும் வாறன்.”

டொக்டர் இன்ஸ்பெக்டரைச் சற்றுப் பொறுக்கச் சொன்னார். பெண்ணின் வாயைத் திறந்து பல்முரசைப் பார்த்தார். இரத்தக் கசிவு இல்லை. முழங்கையிலும் முழங்காலிலும் இரத்தம் கட்டிய கண்டல் இல்லை. ஊசி குத்திய இடம் எப்போதோ அடைத்திருந்தது. பிறகு எனாமல் தட்டுக்குக் குனிந்தார். ஊசியிலிருந்து குழாய்களில் விடும்போது சிந்திய பெரிய துளி அதில் கிடந்தது. ஊசிமுனையால் நெம்பினார். துளி சிதறாமல் கட்டியாக எழும்பி வந்தது.

“இதைப் பாருங்கோ, இன்ஸ்பெக்டர். ஒரே ஊசி, ஒரே இரத்தம். தட்டிலை உறைஞ்சிட்டுது, குழாயிலை உறையேல்லை. நஞ்சு உடம்பிலை இருந்தால் ரெண்டு இடத்திலையும் ஓடவேணும். பிழை குழாயிலை.”

அவர் தம் உதவியாளன் பக்கம் திரும்பினார். “வின்சன்ற், பெட்டியிலை இருந்த மாதிரியே எடுத்துத் தந்தனீரோ?”

வின்சன்ற் நிலத்தைப் பார்த்தான். பெட்டியைத் திறந்தபோது குழாய்களுக்குள் புழுதி விழுந்துவிட்டதாம். கழுவித் தரும்படி இராசமலரிடம் கொடுத்தானாம். ஏச்சு விழும் என்று பேசாமல் இருந்துவிட்டானாம்.

“எப்பிடிக் கழுவினனீங்கள்?” டொக்டர் இராசமலரிடம் மெதுவாகக் கேட்டார்.

“மீன் கோப்பை கழுவிறமாதிரித்தான்... தேசிக்காய் விட்டு.” அவள் முகம் வெட்கத்தால் சிறுத்தது. “எங்கடை வீடு நாறுது எண்டு நீங்கள் நினைக்கக் கூடாதெல்லோ. மணம் நிக்கட்டும் எண்டு பிறகு தண்ணி விடேல்லை.”

குணலட்சுமி சிரித்துவிட்டார். இரத்தம் உறைய அதிலுள்ள கல்சியம் என்ற சுண்ணச் சத்து வேண்டும். தேசிப்புளி அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும். இரத்த வங்கிப் போத்தல்களில் இரத்தம் உறையாதிருக்க விடுவதும் அந்தப் புளியின் உப்பைத்தான் என்று விளக்கினார். நிறம் கறுத்ததும் புளியால்தான்.

“குற்றவாளியைக் கைது செய்யிறதெண்டால் கிணற்றடிக்குப் போங்கோ,” என்றார்.

புதிய குழாய்களை எடுத்து மீண்டும் இரத்தம் எடுத்தார்கள். பத்து நிமிடம் ஆகும் முன்பே டொக்டர் ஒரு குழாயைக் கவிழ்த்துக் காட்டினார். ஒரு சொட்டும் விழவில்லை.

“இன்னும் சோதினை கிடக்கு, பிள்ளை. எண்டாலும் இது நல்ல தொடக்கம். அம்மாவின்ரை இரத்த வருத்தம் உமக்கு இருக்கு எண்டு இதிலை காணேல்லை.”

மீனாம்பிகை இராசமலரின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். இராசமலர் அவள் தலையைத் தடவியபடியே, மத்தியானமாகிவிட்டது, சோறு தின்றுவிட்டுப் போகலாமே என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். இன்ஸ்பெக்டர் அந்தச் சோற்றைத் தின்பாரா என்று வேலியோரத்துச் சனம் எட்டிப் பார்த்தது.

தில்லைநாதன் தொப்பியைக் கழற்றி வைத்தார். கை கழுவிக்கொண்டு வந்து பாயில் சப்பணமிட்டார்.

“வெளியிலை நிக்கிற தாய்மாமனையும் கூப்பிடும்,” என்றார். “முதல் சோத்துக் கோப்பை அவருக்கு.”