ஃப்ரிட்ஜுக்கு முப்பத்தொரு கைதட்டல்

உலகத்தைத் தாங்கி நிற்பவர்கள் எழுத்தாளர்கள். அந்த எழுத்தாளர்களைத் தாங்கி நிற்பது ‘நாளைய பேனா’.

இணையத்தில் அந்த ஆதரவுக் குழுவைத் திறந்ததும் முதலில் தெரிவது இந்த வாசகம்தான். உலகத்தைத் தாங்கிக்கொண்டிருந்தவர்கள் மொத்தம் இருநூற்றுப் பதினான்கு பேர். எல்லாருக்கும் வயது எட்டிலிருந்து பன்னிரண்டுக்குள். அதில் ஒருத்தி இன்னும் கணக்கு வீட்டுப்பாடத்தையே முடிக்கவில்லை.

அவளை வீட்டில் சுண்டு என்று கூப்பிடுவார்கள். குழுவில் அவள் வைத்துக்கொண்ட புனைபெயர் ‘பேரலை’.

“பேரலையாம்! பக்கெட்டுல கைய விட்டாக்கூட இதவிடப் பெரிய அலை வரும்,” என்றான் அண்ணன்.

குழுவை நடத்தியவர் ஒரு பெரியவர். தன்னைத் தானே ‘தலைவர்’ என்று போட்டுக்கொள்வார். அவர் வைத்த விதிகள் இரண்டு. யாரும் யாரையும் குறை சொல்லக் கூடாது; இளம் மொட்டுகள் வாடிவிடும். தன் கதையைப் போடுகிறவர், முதலில் மற்ற ஐந்து பேருடைய எழுத்தைப் பாராட்ட வேண்டும்.

சுண்டு மூன்று வாரம் உட்கார்ந்து ஒரு கதை எழுதியிருந்தாள். பல் டாக்டர் வீட்டு வரவேற்பறையில் ஒரு கண்ணாடித் தொட்டி. அதில் ஒரு மீன். வருகிறவர்கள் எல்லாரும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருவதால், மனிதர்களுக்குக் கன்னத்தில்தான் கை முளைக்கும் என்று அந்த மீன் நினைத்துக்கொண்டிருக்கும்.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். யாராவது ஒருவர் அந்தக் கதையைக் கடைசிவரை படித்துவிட்டு, நன்றாக இருக்கிறதா இல்லையா என்று சொல்ல வேண்டும்.

வீட்டில் அதற்கு ஆள் இல்லை. அம்மா ஃப்ரிட்ஜ் மெக்கானிக். காலையிலிருந்து வீடு வீடாக ஏறி இறங்கிவிட்டு வந்து உட்கார்ந்தால், முதல் பத்தியிலேயே கண் சொருகிவிடும். அண்ணனோ, “மீன் சாகுமா, சாகாதா? அத மட்டும் சொல்லு. நேரம் மிச்சம்,” என்றான்.

அதனால்தான் குழு.

ஐந்து பேரைப் பாராட்டி முடிக்க சுண்டுவுக்கு ஒன்றரை நிமிடம் ஆனது. ‘அருமை’ ஒன்று. ‘அற்புதம்’ ஒன்று. ‘சூப்பர்’ மூன்று. ஒவ்வொன்றின் வாலிலும் கைதட்டும் படம். பிறகு தன் கதையை அனுப்பிவிட்டு நகத்தைக் கடித்தாள்.

கடித்து முடிப்பதற்குள் பாராட்டுகள் கொட்ட ஆரம்பித்தன.

“அண்ணா! முப்பத்தொண்ணு! இங்க பாரு, ‘கதாநாயகனின் தியாகத்தைப் படித்து அழுதுவிட்டேன்’னு எழுதியிருக்காங்க!”

அண்ணன் எட்டிப் பார்த்தான். “உன் கதைல யாரு தியாகம் பண்ணாங்க?”

சுண்டு யோசித்தாள். “மீன்… பண்ணியிருக்கலாம்.”

“தள்ளு, நான் படிக்கிறேன்.” அண்ணன் கதையைத் திறந்து, கல்யாணப் பத்திரிகை வாசிக்கிற குரலில் படித்தான். “கதவு ரப்பர் மூணு எடத்துல கிழிஞ்சிருக்கு. கம்ப்ரஸர் நின்னு நின்னு ஓடுது. கீழ்த் தட்டுல தண்ணி தேங்குது. வாடிக்கையாளர் ரொம்ப அவசரப்படுறாரு.”

சுண்டு தான் அனுப்பிய கோப்பின் பெயரைப் பார்த்தாள்.

அந்த வீட்டில் யாரும் கோப்புக்குப் பெயர் வைப்பதில்லை. அம்மா எழுதிய வேலைக் குறிப்பு ‘புதிய கோப்பு 7’. சுண்டுவின் கதை ‘புதிய கோப்பு 8’.

“அப்போ தியாகம் பண்ணது கம்ப்ரஸர்தான்,” என்றான் அண்ணன். அதற்கு மேல் அவனால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

சுண்டு சாப்பாட்டு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். உலகத்தைத் தாங்கி நிற்கிறவர்கள் உட்காருகிற இடம் அது இல்லை. ஆனால் வேறு எங்கேயும் போகத் தோன்றவில்லை.

முப்பத்தொரு பேர். ஒருவர்கூடப் படிக்கவில்லை.

அம்மா வேலையிலிருந்து வந்து கருவிப் பையை இறக்கி வைத்தார். மேசைக்கு அடியில் இரண்டு கால்கள் தெரிந்தன.

“என்னடா கண்ணு, அங்க என்ன பண்ற?”

“ஒண்ணும் இல்லம்மா.”

“உங்க குறிப்பு முப்பத்தொரு பேர அழ வச்சிருச்சும்மா,” என்றான் அண்ணன்.

நடந்ததைக் கேட்டு அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. மகளின் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது. “தப்பு நடந்துபோச்சுன்னு எழுதிப் போடு. முடிஞ்சது. இதுக்குப் போயி யாராவது மேசைக்குக் கீழ குடித்தனம் பண்ணுவாங்களா?”

சுண்டு வெளியே வந்து எழுதினாள்: ‘மன்னிக்கவும். நான் போட்டது கதை இல்லை. எங்கள் அம்மாவின் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் குறிப்பு. தெரியாமல் அனுப்பிவிட்டேன்.’

அரை நிமிடத்தில் பதில்கள் வந்தன. ‘அருமை!’ ‘என்ன ஒரு நடை!’ ‘தொடர்ந்து எழுதுங்கள்!’ பன்னிரண்டு கைதட்டல்கள். கடைசியாகத் தலைவரே வந்தார்: ‘பேரலையின் இந்தப் படைப்பிலும் அதே ஆழம். வாழ்த்துகள்.’

சுண்டு திரும்பவும் மேசைக்கு அடியில் போனாள். இந்தத் தடவை அண்ணன் சிரிக்கவில்லை. ஒரு தலையணையை எடுத்து உள்ளே தள்ளிவிட்டான்.

“நான் இனிமே எழுதல,” என்றாள் உள்ளிருந்து. “ஃப்ரிட்ஜும் நானும் ஒண்ணுதான்னா எதுக்கு எழுதணும்?”

சமையலறையில் அவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் ஒருமுறை உறுமி நின்றது.

அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சுண்டு குழுவிலிருந்து விலகுவதற்கு உட்கார்ந்தாள். போகிற போக்கில் ஒரு வேலை பாக்கி இருந்தது. அவள் கொடுத்த ஐந்து பாராட்டுகளையும் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். ‘என் கதையப் படிக்காதவங்களுக்கு நான் எதுக்குக் கை தட்டணும்?’

நான்கைத் தேடி அழித்தாள். ஐந்தாவது, ‘நத்தை’ என்ற பெயரில் ஒருவர் போட்டிருந்ததற்குக் கீழே இருந்தது. நத்தை எழுதியது நான்கே வரி என்பதால், அழிப்பதற்கு முன் கண்ணில் பட்டுவிட்டது.

‘எங்கள் நாயை டாக்டரிடம் கொண்டுபோனோம். திரும்பி வரும்போது அதன் கயிறு மட்டும்தான் வந்தது. இது கதை இல்லை. ஆதரவுக் குழு என்று போட்டிருந்தது, அதனால் இங்கே சொல்கிறேன்.’

அதன் கீழே நாற்பது கைதட்டல்கள். நாற்பதாவதாக, கொட்டை எழுத்தில், பேரலை எழுதியிருந்தது:

‘சூப்பர்! இரண்டாம் பாகம் எப்போது?’

சுண்டுவுக்குக் காது சுட்டது. நேற்று அவளிடம் யாரும் இவ்வளவு மோசமாக நடந்துகொள்ளவில்லை. அவர்கள் கை தட்டியது ஃப்ரிட்ஜுக்குத்தான்.

“அண்ணா,” என்றாள் மெதுவாக. “இதப் படியேன்.”

அண்ணன் படித்தான். கேலி செய்யப் போகிறான் என்று காத்திருந்தாள். அவன் கழுத்தைச் சொறிந்துகொண்டு, “அழிச்சிடு. யாருக்கும் தெரியாது,” என்றான்.

“நத்தைக்குத் தெரியுமே.”

அவள் எழுதினாள். அழித்தாள். ‘ஆழ்ந்த அனுதாபங்கள்’ என்று எழுதினாள். அது பேப்பரில் கறுப்புக் கட்டத்துக்குள் வருகிற மாதிரி இருந்தது. அழித்தாள். ஆறாவது தடவை இப்படி வந்தது:

‘நேற்று நான் படிக்காமலேயே பாராட்டினேன். தப்பு. இப்போதுதான் படித்தேன். உங்கள் நாய் பார்க்க எப்படி இருக்கும்?’

பத்து நிமிடம் ஒன்றும் வரவில்லை. பிறகு வந்தது.

‘பழுப்பு நிறம். ஒரு காது மட்டும் நிற்கும். வலது காது.’

‘இடது?’

‘அது சோம்பேறி. ஐஸ்கிரீம் பெட்டி திறக்கிற சத்தம் கேட்டால் மட்டும் எழுந்திருக்கும்.’

இப்படியே ஒரு மணி நேரம் ஓடியது. நடுவில் தலைவர் வந்து, ‘கேள்வி கேட்பது நம் மரபு அல்ல. கை தட்டலாமே!’ என்று நினைவூட்டிவிட்டுப் போனார். இருவரும் அவருக்கு ஒரு கைதட்டலைப் போட்டுவிட்டு நாயைப் பற்றியே பேசினார்கள்.

‘ஐந்து நாளில் நீங்கள் ஒருத்தர்தான் கேட்டீர்கள்,’ என்று எழுதியது நத்தை. ‘இன்னும் அழுகைதான் வருகிறது. ஆனால் காதைப் பற்றிச் சொன்னது நன்றாக இருந்தது. நீங்கள் ஏதோ கதை போட்டீர்களாமே?’

‘அது ஃப்ரிட்ஜ். என் கதை வேறு.’

‘அதைப் போடுங்கள்.’

சுண்டு ‘புதிய கோப்பு 8’ஐத் திறந்து, மீன் இருக்கிறதா என்று முதல் வரியைப் பார்த்து உறுதிசெய்துகொண்டு அனுப்பினாள். ஒரு நிமிடத்துக்குள் இருபத்தொன்பது பேர் அழுதுவிட்டார்கள்.

நத்தை அழவில்லை. நத்தையிடமிருந்து ஒன்றுமே வரவில்லை. கால் மணி, அரை மணி. சுண்டு மேசையைப் பார்த்தாள். தலையணை இன்னும் அடியிலேயே கிடந்தது.

“புடிக்கல போலிருக்கு,” என்றாள்.

“இரு. நாலு பக்கம் படிக்க நேரம் ஆகாதா? அதுவும் நத்தை,” என்றான் அண்ணன்.

முக்கால் மணி நேரம் கழித்துப் பதில் வந்தது.

‘கன்னத்தில் கை முளைக்கும் என்ற இடத்தில் சிரித்தேன். நாய் போனதிலிருந்து இப்போதுதான் சிரிக்கிறேன். டாக்டர் பேசுகிற இடம் போர். ஒரு சந்தேகம். மீன் இரண்டாம் பக்கத்தில் செத்துவிட்டது. நான்காம் பக்கத்தில் எப்படி வாலை ஆட்டுகிறது?’

சுண்டு நாற்காலியிலிருந்து குதித்தாள். “அண்ணா! போராம்! படிச்சிருக்காங்க! கடைசி வரைக்கும் படிச்சிருக்காங்க!”

“அது சரி,” என்றான் அண்ணன். “மீனு எப்படிடி வால ஆட்டுச்சு?”

சுண்டு கதையைத் திறந்து இரண்டாம் பக்கத்துக்குப் போனாள். மீன் செத்துக் கிடந்தது. நான்காம் பக்கத்துக்குப் போனாள். வால் ஆடியது.

எழுதி முடித்த நாளிலிருந்து அவளும் அந்தக் கதையை ஒரு தடவைகூடப் படித்துப் பார்த்திருக்கவில்லை.