கொய்யா இலை கறுக்காத தண்ணீர்

டம்ளரில் கசக்கிப் போட்ட கொய்யா இலை பதினோராம் நாளும் வாடவில்லை. கசக்கின தடங்கள்கூட ஒவ்வொன்றாக மறைந்து, இப்போதுதான் மரத்திலிருந்து பறித்ததுபோல நிமிர்ந்து கிடந்தது.

சுகிர்தபாய் பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளர். கொல்லயில் என்னும் அந்த ஊர்ப் பஞ்சாயத்தில் பாதி வீடுகளின் கிணற்று நீரைச் சோதித்துச் சொன்னவள். கொய்யா இலைச் சோதனை எளிது. நீரில் இரும்பு இருந்தால், இலையின் துவர்ப்பு அதோடு சேர்ந்து மை மாதிரிக் கறுக்கும். அவளுடைய கிணற்று நீர் பத்தே நிமிடத்தில் கறுத்தது. சிவந்த வெட்டுக்கல் பாறையைக் குடைந்து தோண்டிய புதுக் கிணறு அது. குடத்தின் கழுத்தில் துரு, வெள்ளைத் துணியில் மஞ்சள், வாயில் ஆணியைச் சப்பின ருசி. மதிலுக்கு அந்தப்புறம் இருந்த பழைய கிணறு, பாகம் பிரித்தபோது கொழுந்தனின் பங்கில் போனது. அந்த நீரில்தான் இந்த இலை கிடந்தது.

அதில் ஒரு குறை கண்டுபிடிக்க அவள் பாடாய்ப் பட்டாள். கிருமி இருந்தால் இரண்டு நாளில் கறுத்துவிடும் மருந்துக் குப்பியிலும் ஊற்றி வைத்தாள். கறுக்கவில்லை.

கொழுந்தன் மனைவி பிரசீதாவுக்கு நாற்பது வயது. இருபத்தைந்துக்கு மேல் யாரும் சொல்ல மாட்டார்கள். பிள்ளை இல்லை. அது ஒன்றில்தான் சுகிர்தபாய் அவளைவிட ஒரு படி மேலே நின்றாள். அந்த ஒரே மகளும் இப்போது தினமும் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு மதிலேறியது.

"ஏட்டி அபிஷா, நம்ம வீட்டுல வெள்ளம் இல்லியா?"

"நம்ம வெள்ளம் நாறுது அம்மா. சித்திக்க வெள்ளம் இனிப்பாக்கும்."

"ஏன், உனக்க சித்தி சீனி கலக்குதாளோ?"

மதிலுக்கு அப்பாலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. "பிள்ளைய விடுங்க அக்கா. ஒரு மாசம் எனக்க கிணத்து வெள்ளம் குடிச்சு எப்பிடி மினுங்குதா பாத்தியளா? எனக்க சாயல்கூட வருது."

அந்தச் சொல் முள்ளாகத் தைத்தது. உண்மைதான். நெற்றி, கன்னத்து மினுமினுப்பு, தலையைச் சாய்த்துச் சிரிக்கும் சிரிப்பு. எட்டு வயதுப் பிள்ளை, சொட்டுச் சொட்டாக மாறிக்கொண்டிருக்கவில்லை. குடம் குடமாக மாறிக்கொண்டிருந்தது.

உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர்தானே என்று சுகிர்தபாய் கணக்குப் போட்டாள். பழையது சிறுநீரிலும் வியர்வையிலும் இறங்கினால், புதியது வந்து அந்த இடத்தை நிரப்பும். மூக்கிரட்டைக் கீரை நீரை இறக்கும். சீரகம் வயிற்றைக் கழுவும். இரண்டையும் கஷாயமாக்கிப் பிள்ளைக்குக் கொடுத்தாள். தன் கிணற்று நீரை மணலிலும் கரியிலும் வடித்து, தண்ணீரைச் சிவக்கவைக்கும் பதிமுகக் கட்டை போட்டுக் கொதிக்க வைத்தாள். இளஞ்சிவப்பாக ஆவி பறந்தது. பிள்ளை மதிலேறாதபடி வாசல் கதவைப் பூட்டினாள். பள்ளிக்கூடம் விடுமுறை.

பூட்டிய இரண்டாம் நாள், டம்ளரிலிருந்து இலையை வெளியே எடுத்து ஜன்னல் திண்டில் போட்டாள். அரிசி களைந்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பதற்குள் அது கறுத்துச் சுருண்டிருந்தது. தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. அத்தனை நாள் வாட்டமும் ஒரே மூச்சில் வந்து இறங்கியது போல.

அவளுக்குச் சந்தோஷம் பொங்கியது. கடைசியில் ஒரு குறை அகப்பட்டுவிட்டது. அந்தத் தண்ணீரில் ஏதோ விஷம் உண்டு; இனி ஊரறியச் சொல்லலாம். அன்று சாயங்காலம் கஷாயத்தை இரட்டிப்பாக்கினாள்.

"தாகமா இருக்கு அம்மா. சித்திக்க வெள்ளம்."

"இதக் குடி மக்கா."

மூன்றாம் நாள் மத்தியானம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. தென்னந்தோப்பில் காற்று இல்லை. ஆனாலும் பிள்ளை படுத்திருந்த அறையிலிருந்து ஓலை உரசுவதுபோல ஒரு சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. உலர்ந்த புகையிலை வாசனை. சுகிர்தபாய் போர்வையை விலக்கினாள்.

உரசியது மூச்சு.

கன்னம் ஒட்டியிருந்தது. உதடு வெடித்திருந்தது. விரல்கள் கறுத்து, நுனியில் சுருண்டு.

வாரி எடுத்தாள். கனமே இல்லை. கதவைத் திறந்து ஓடினாள். வெறுங்காலில்.

பிரசீதா கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தாள். அவசரம் இல்லாமல். அங்கேயே மூன்று நாளும் நின்றவள்போல.

"எத்தன நாளு குடுக்காம வச்சிய அக்கா?"

"மூணு. ஒரு வாளி வெள்ளம் கோரு பிரசீதா. சீக்கிரம்!"

"இனி வாளி போராது."

பிள்ளையின் உதடு அசைந்தது. சுகிர்தபாய் காதை வைத்தாள்.

"சித்தி."

அம்மா என்று இல்லை. அந்த நேரத்திலும் அவளுக்கு வயிறு எரிந்தது. தரமாட்டேன் என்று இறுக்கி அணைத்தாள். அவள் பிடிக்குள் பிள்ளையின் கை சருகுபோல நொறுங்கும் சத்தம்.

பிடி தளர்ந்தது. பிரசீதா வாங்கிக்கொண்டாள். தொட்டிலில் இடுவதுபோலக் குனிந்து, கிணற்றுக்குள் விட்டாள்.

சுகிர்தபாய் சுற்றுச்சுவரில் விழுந்து எட்டிப் பார்த்தாள். நீர் அடிவரை தெளிந்திருந்தது. அடியில், மணல்மேல், அபிஷா மல்லாந்து கிடந்தாள். கன்னம் உப்பியது. விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. முடி மெல்ல அலைந்தது.

மூச்சு விட்டால் குமிழி வரவேண்டும். காத்திருந்தாள்.

ஒரு குமிழியும் வரவில்லை.

பிள்ளை கண்ணைத் திறந்தது. இமைத்தது. தலையைச் சாய்த்துச் சிரித்தது. மேலே எட்டிப் பார்த்த இரண்டு முகங்களில், பிரசீதாவின் முகத்தை மட்டும் பார்த்து.