பத்தரை மணிக்கு ஒரு கண்!

"ஐயோ... மணீ!"

பூமாரியின் அலறலில் தெருவே திரண்டது.

வாசலில் அவள் வளர்த்த கோம்பை நாய் மணி செத்துக் கிடந்தது. வாயில் நுரை. பல்லிடுக்கில் ஒரு செருப்பு.

அவள் புருஷன் மொக்கைச்சாமியின் செருப்பு!

2008, ஜூலை. சின்னமனூர் போலீஸ் ஸ்டேஷன்.

இன்ஸ்பெக்டர் ஞானபாக்கியம் டீ கிளாஸைத் தள்ளி வைத்தாள்.

"கடைசியா என்னம்மா சொன்னாரு?"

"மலைக்கு அங்கிட்டிருந்து ஆஸ்பத்திரிக் குப்பை லாரி வருதாம் மேடம். ஏதோ தோட்டத்துல குழி வெட்டிக் கொட்டுறாகளாம். எந்தத் தோட்டம்னு பாத்துட்டு வர்றேன்னு நேத்து நாயோட போனாக. நாய்தான் திரும்பி வந்துச்சு..."

"அழுவாத ஆத்தா. நாங்க இருக்கோம்ல!"

கூடவே வந்திருந்த விஜயபாண்டி. திராட்சை விவசாயிகள் சங்கத் தலைவர். சலவை வேட்டி, நெற்றி நிறைய விபூதி.

"முந்நூறு தோட்டம் இருக்கு மேடம். எதுன்னு தேட?"

"அதை நான் சொல்றேன்!" என்றாள் அபிதா. மதுரையில் சாட்டிலைட் படங்களை அலசுகிறவள். குப்பை லாரி பற்றி ஏற்கெனவே புகார் வந்திருந்ததால் இன்ஸ்பெக்டர் அவளை வரவழைத்திருந்தாள்.

லேப்டாப்பைத் திறந்தாள். போன வருஷப் படம். பள்ளத்தாக்கு முழுக்க ஒரே சிவப்பு!

"என்னம்மா இது, கொலைக்களமா?"

"இல்ல மேடம். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளில எடுத்த படம். உயிருள்ள பயிர் இதுல செவப்பாத்தான் தெரியும். குழி மேல பச்சை வலை போட்டு மூடினா நாம ஏமாறுவோம். இது ஏமாறாது. நாளைக்குக் காலைல பத்தரைக்கு சாட்டிலைட் நம்ம தலைக்கு மேல போகுது. எந்தத் தோட்டம் செவப்பா இல்லையோ, அங்கன தோண்டுங்க!"

"ஏ ஆத்தாடி!" என்று வாயில் விரல் வைத்தார் விஜயபாண்டி.

மறுநாள். மணி பத்து.

அபிதா அண்ணாந்து பார்த்தாள்.

வானம் முழுக்க மேகம்!

"போச்சு மேடம்... மேகத்தைத் தாண்டி இது பாக்காது. அடுத்து வர இருபத்துநாலு நாளாகும்."

"இருபத்துநாலு நாளா?" பூமாரி வெடித்தாள். "அம்புட்டு நாள் என் புருசன் உசுரோட இருப்பாகளா? உங்க மிசினு பாக்கலைன்னா நாம பாப்போம். மேகமலை ரோட்டுல ஏறி நின்னா எல்லாத் தோட்டமும் தெரியும். எடுங்க வண்டிய!"

ஜீப் உறுமிக்கொண்டு ஏறியது. மூன்றாவது வளைவு.

கீழே பச்சை... பச்சை... பச்சை...

"நிறுத்துய்யா!"

பச்சைக்கு நடுவே பளீரென்று ஒரு சிவப்புச் சதுரம்!

இன்ஸ்பெக்டர் பைனாகுலரைத் திருகினாள்.

"ஷாமியானா! யாரு வீட்டுக் கல்யாணம்?"

பூமாரி கண்களைச் சுருக்கினாள்.

"அது விஜயபாண்டி ஐயா தோட்டம்... அவுக வீட்டுல விசேஷம் எதுவும் இல்லையே!"

அபிதா தலையில் அடித்துக்கொண்டாள்.

"மேடம்... செவப்பாத் தெரியணும்னு சொன்னேன்ல? செவப்புத் துணிய வாங்கிப் போட்டிருக்காரு! துணி அதுல பயிர் மாதிரி செவப்பா விழாதுன்னு தெரியாம!"

பதினைந்தே நிமிஷம். ஷாமியானாவைக் கிழித்தார்கள். அடியில் பச்சை வலை. அதற்கும் அடியில் குழி. ஊசி, ரத்தப் பஞ்சு, குடலைப் பிடுங்கும் நாற்றம்!

பக்கத்து மோட்டார் ரூமில் கைகால் கட்டிய நிலையில்... மொக்கைச்சாமி!

உயிர் இருந்தது.

"இன்னிக்கு லாரி வந்ததும் உன்னையும் சேத்து மூடிருவேன்னாரு பூமாரி..."

"ஏன்யா தனியாப் போன? ஏன்யா?" அவன் நெஞ்சிலேயே குத்தினாள். பிறகு அதிலேயே சாய்ந்து அழுதாள்.

வரப்பில் ஓடிய விஜயபாண்டியைக் கான்ஸ்டபிள்கள் அமுக்கினார்கள். விலங்கு மாட்டியபோதும் அவர் வானத்தையே பார்த்தார்.

"சாட்டிலைட்டுல... எந்தோட்டம் செவப்பாத்தானே விழுந்துச்சு?"

"மேகம்ங்க. அது உங்க தோட்டத்தைப் பாக்கவே இல்ல!" என்றாள் அபிதா.

"பெறகு... எப்புடி?"

ஞானபாக்கியம் ஜீப்பின் பின்கதவைத் திறந்துவிட்டாள்.

"ஊருக்கே தெரியுற மாதிரி பந்தல் போட்டீங்க, வந்துட்டோம். ஏறுங்க மாப்பிள்ளை... மாமியார் வீட்டுக்குப் போவோம்!"