பூஜ்ஜிய முனை

மச்சினன் அளவு நாடாவை இம்மியும் அசையாமல் பிடித்திருந்தான். அதுதான் முதலில் இடித்தது. சும்மா நிற்கச் சொன்னாலே நெளிகிற பையன்.

கைவிடப்பட்ட கலங்கரை விளக்கத்தை இடிக்காமல் காப்பாற்ற வரைபடம் வேண்டும். அதற்காக உச்சியிலிருந்த விளக்கறையில் மண்டியிட்டிருந்தான் அளவையாளன். வரைய இரண்டு கையும் தேவைப்பட்டதால் நாடாவின் பெட்டியை இடுப்பு பெல்ட்டில் இறுகக் கட்டியிருந்தான். அதன் பூஜ்ஜிய முனை, சுழல்படிகளின் நடுவே ஈரச் சுண்ணாம்பும் பழைய எண்ணெயும் மணக்கும் இருட்டுக்குள் இறங்கி, அடித்தளத்தில் மச்சினன் கையில் இருந்தது.

"மாப்ளே, தூங்கிட்டியா?"

பதிலாக, நாடா கீழிருந்து மெல்ல ஒருமுறை இழுபட்டது.

"குசும்பா? உங்க அக்காகிட்ட போட்டுக் குடுத்துருவேன்."

"என்ன அத்தான், கூப்டீங்களா?"

குரல் வெளியிலிருந்து வந்தது.

உடைந்த கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தான். கீழே, அந்தி வெளிச்சத்தில், வண்டிமேல் சாய்ந்து பன் தின்றுகொண்டிருந்தான் மச்சினன். "முனையக் கைப்பிடிக் கம்பியில மாட்டிட்டு அப்பவே வந்துட்டேன்! பசிக்காதா மனுஷனுக்கு?"

நாடா மறுபடி இழுத்தது. இம்முறை இடுப்போடு சேர்த்து. முழங்கால்கள் தரையில் தேய்ந்தபடி படிவாசலை நோக்கி நகர்ந்தன. பெல்ட்டை அவிழ்க்கப் பார்த்தான். விரல் வழுக்கியது. கண்ணாடிச் சட்டத்தைப் பற்றிக்கொண்டு கத்தினான்.

"உள்ள வராதே! ஓடிப்போ!"

திடீரென வீசிய கடல்காற்று அவன் குரலை வாயிலிருந்தே பிடுங்கிக்கொண்டு போனது. மச்சினன் காதில் கை வைத்தான். இவன் பதறி இரண்டு கைகளையும் வீசினான்.

வீசிய பிறகுதான் உறைத்தது. குரல் எட்டாத கட்டடங்களில் அவர்களுக்குள் ஒரு சைகை உண்டு. ஒரு கை என்றால், அங்கேயே நில். இரண்டு கை என்றால், மேலே வா.

"நிம்மதியா ஒரு வாய் திங்க விடமாட்டீங்களே!" மச்சினன் வாயைத் துடைத்துக்கொண்டு கிளம்பினான்.

இவன் ஒரு கையை மட்டும் உயர்த்தினான். அசைத்தான். அசைத்துக்கொண்டே இருந்தான்.

மச்சினன் தலை நிமிரவில்லை. கதவுக்குள் போய்விட்டான்.

நாடா தொய்ந்தது.

காலடிகள். இரும்புப் படியில். ஒரு ஆள்தான். ஒரே ஆள்.

"மாப்ளே?"

படிவாசலில் மச்சினன் முகம் எழுந்தது. அழுதுகொண்டிருந்தான். "அத்தான், கைய விடச் சொல்லுங்க."

அவன் மணிக்கட்டை ஒரு கை பற்றியிருந்தது. வெளிறிய கை. அதற்கு முழங்கை இல்லை. படிகளோடு படியாக, வளைவுக்கு வளைவு சுற்றி, கீழே இருட்டுவரை அது இறங்கிப் போய்க்கொண்டே இருந்தது.