அக்கா வீட்டு அலாரம்

அலாரம் அடித்து ஓய்ந்த வீட்டில், மாடியறையில் மட்டும் மழை வாசம் அடித்தது. ஜன்னல்களெல்லாம் தாழ் போட்டபடி இருந்தன. கட்டில் விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை, பீரோ பூட்டியபடியே இருந்தது. ஆனாலும் யாரோ நனைந்த துணியோடு வந்து நின்றுவிட்டுப் போன மாதிரி ஒரு ஈர வாசம். மத்தியானத்திலிருந்து பெய்கிற மழை, வாசம் வராமல் என்ன செய்யும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு அவள் படியிறங்கினாள்.

அக்காவும் மாமாவும் ஒரு வாரம் வெளியூர் போயிருந்தார்கள். கிளம்பும்போது அக்கா சாவியை இவள் கையில் திணித்து, “உன்னை விட்டா எனக்கு யாருடி இருக்காங்க?” என்று உருகியதோடு நிற்காமல், அலாரம் கம்பெனியிலும் இவளுடைய செல்போன் எண்ணைக் கொடுத்துவிட்டாள். சைரன் அடித்தால் கன்ட்ரோல் ரூமிலிருந்து இவளுக்கு போன் வரும். ரகசிய வார்த்தையைச் சொல்ல வேண்டும். பிறகு தெருவைத் தாண்டி எதிரே போய், அந்த வீட்டைத் திறந்து, எண்களை அழுத்தி சைரனை நிறுத்த வேண்டும். அக்கா ஹாயாக ஊர் சுற்ற, தங்கை காவல்காரி.

வேறு நாளாயிருந்தால் பரவாயில்லை. இன்று ஐந்து வயது மகளுக்கு நல்ல காய்ச்சல். மருந்து கொடுத்து, நெற்றியில் ஈரத்துணி போட்டு, அரும்பாடு பட்டுத் தூங்க வைத்திருந்தாள். கணவன் ஷிப்ட் முடிந்து வர இன்னும் நேரமிருந்தது. முதல்முறை கிளம்பும்போது பொறுப்பாக வீட்டைப் பூட்டினாள். பூட்டு சத்தத்திலேயே குழந்தை எழுந்து வீறிட்டது. திரும்பி வந்து மறுபடி தட்டித் தட்டித் தூங்க வைப்பதற்குள் தோள் கழன்றுவிட்டது.

அதனால் இரண்டாவது முறை அடித்தபோது கதவை வெறுமனே சாத்தி வைத்தாள். எதிர்வீடுதானே.

“மறுபடியும் மாடி ரூம் சென்சார்தான் மேடம்” என்றாள் கன்ட்ரோல் ரூம் பெண். “கூட யாராச்சும் இருக்காங்களா?”

“யாரு இருக்காங்க? நான் ஒருத்திதான்.”

“அப்ப உள்ள போகாதீங்க மேடம். எங்க ஆளுங்க வரட்டும்.”

“உங்க ஆளுங்க வர்றதுக்குள்ள என் பொண்ணு எழுந்துடுவா. பல்லியா இருக்கும், விடுங்க.”

அவள் வீட்டுக்குப் பக்கத்து வீட்டு பென்ஷன்காரர் ஜன்னல் வழியே தலையை நீட்டினார். “ஏம்மா, உங்க அக்கா அப்படி என்ன புதையலை வச்சுட்டுப் போயிருக்கா? காதுல ரத்தம் வருது!”

“பல்லிகிட்ட சொல்லுங்க மாமா” என்று கத்திவிட்டு உள்ளே ஓடினாள். மாடியில் ஒன்றும் இல்லை. அதே வாசம். இப்போது இன்னும் கொஞ்சம் கூடுதலாக.

வீடு திரும்பியதும் அவள் மனம் ஒரு நிலையில் நிற்கவில்லை. போன மாதம் சென்சார் மாட்டிய மெக்கானிக் மேல் முதலில் சந்தேகம் வந்தது. “இது பழைய மாடல், தொந்தரவு பண்ணும், புதுசு போட்டுருங்க” என்று மாமாவிடம் தலைபாடாய் அடித்துக்கொண்டவன் அவன்தான். புதுசு விற்பதற்காக அவனே எங்கிருந்தாவது விளையாடுகிறானோ? பிறகு பென்ஷன்காரர் மேலும் வந்தது. கடைசியில், ஒவ்வொரு தடவையும் தனியாகவா இருக்கிறீர்கள் என்று கேட்கிற அந்தப் பெண்ணின் குரல் மேலேயே வந்தது. யாரென்று தெரியாது. ஆனால் யாரோ செய்கிறார்கள். பல்லி இவ்வளவு திட்டமாக வேலை செய்யாது.

இருட்டத் தொடங்கியபோது மூன்றாவது முறையாக அடித்தது.

போனை அவள் எடுக்கவில்லை. மகளின் கழுத்தில் கை வைத்துப் பார்த்தாள். வியர்த்திருந்தது, காய்ச்சல் இறங்குகிறது. விடிவிளக்கைப் போட்டுவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, குடைகூட எடுக்காமல் ஓடினாள். இந்தத் தடவை சைரனை நிறுத்தப்போவதில்லை. சத்தம் நின்றால் ஓடிவிடுவான். அடித்துக்கொண்டே இருக்கட்டும், கையும் களவுமாகப் பிடிக்கலாம். அடுப்படியிலிருந்து சப்பாத்திக் கட்டையை எடுத்துக்கொண்டு மாடியேறினாள். பயம் இல்லாமலில்லை, பயத்தைவிட ஆத்திரம் அதிகமாக இருந்தது.

மாடியறை. சைரன் இங்கே மண்டைக்குள் அடித்தது. விளக்கைப் போட்டாள்.

யாரும் இல்லை.

பின்பக்க வென்டிலேட்டரில் ஒரு கண்ணாடிப் பட்டை இல்லை. ஒரு கை நுழையும் அளவு இடைவெளி. வெளியே சன்ஷேடு, ஓர் ஆள் நிற்கலாம். அறைக்குள், தரையில் ஒட்டடைக் குச்சி கிடந்தது. அதன் நுனியில் கட்டிய துணி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அந்தத் துணியை உள்ளே விட்டு சென்சாருக்கு முன்னால் ஆட்டியிருக்கிறான். மெனக்கெட்டு மேலே ஏறியவன் இன்னும் ரெண்டு பட்டையைக் கழற்றியிருந்தால் உள்ளேயே இறங்கியிருக்கலாம். இறங்கவில்லை. எதையும் தொடவில்லை. குச்சியைக்கூட வேலை முடிந்துவிட்டதுபோல் போட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

அவனுக்கு இந்த வீடு வேண்டாம்.

சத்தம்தான் வேண்டும்.

சத்தம் கேட்டால் வருவது யார்?

சப்பாத்திக் கட்டை கையிலிருந்து விழுந்தது. விழுந்த ஓசை கேட்கவில்லை. தெருப்பக்க ஜன்னலுக்குப் பாய்ந்து திரையை ஒதுக்கினாள்.

எதிரே அவள் வீடு. வாசல் கதவு திறந்திருந்தது.

ஜன்னல் வழியே தெரிந்த படுக்கையறையில் பெரிய விளக்கு எரிந்தது. அவள் போட்டது விடிவிளக்கு. கட்டில்மேல் மகள் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். அரைத் தூக்கம். கண் திறக்கவில்லை. தூக்கச் சொல்லி இரண்டு கைகளையும் நீட்டினாள். அம்மாவிடம் நீட்டுவதுபோல.

அவள் கத்தினாள். தன் குரல் தனக்கே கேட்கவில்லை. ஜன்னல் கம்பிக்கு வெளியே கைகளை விட்டு ஆட்டினாள். பென்ஷன்காரர் நிமிர்ந்து பார்த்தார். பார்த்தார்தான். சைரனைக் காட்டி இரு காதுகளையும் பொத்திக்கொண்டு, தலையில் அடித்துக்கொண்டு, ஜன்னலைச் சாத்தினார். அதற்கடுத்த வீட்டிலும் சாத்தினார்கள். அதற்கடுத்த வீட்டிலும்.

எதிரே, பீரோ மறைவிலிருந்து நனைந்த சட்டைக் கைகள் இரண்டு வந்தன. குழந்தையைத் தூக்கின. பதமாக, அலுங்காமல்.

மகள் அந்தத் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

ஒரு கை அவள் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தது. மற்றது நீண்டு, விளக்கை அணைத்தது.