மஞ்சள் துணி கட்டிய போத்தல்

தெரணியகலையில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது என் கையில் தோட்டத்து மருந்தாளர் வேலைக்கான நியமனக் கடிதம் இருந்தது. மனைவி ஞானாம்பிகையின் இடுப்பில் நாலு வயது மதுரா. தொண்ணூற்றாறாம் ஆண்டு, மாசி மாதம். யாழ்ப்பாணத்தை விட்டு ஓடி வந்தவர்களுக்கு ஒரு பெட்டி மிஞ்சியதே பெரிய காரியம். அந்தப் பெட்டியோடு த்ரீவீலரில் ஏறி ரப்பர்த் தோட்டத்துக்குப் போனோம்.

தோட்ட டிஸ்பென்சரி தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. நடுப்பகலிலும் விளக்குப் போட்டால்தான் லேபல் வாசிக்கலாம். ரப்பர் மரங்கள் வெளிச்சத்தை முழுதாக உள்ளே விடுவதில்லை. ஈரச் சுவரின் வாசம், கார்போலிக் வாசம், அவற்றுக்கு அடியில் உடம்பு வலிக்குத் தேய்க்கும் தைலத்தின் காரவாசம். ஜாடியை இறுக்கி மூடினேன். வாசம் போகவில்லை.

மருந்து எடுக்க வேலையை விட்டு வந்தால் அரைப் பேர், அதாவது அரைநாள் கூலி, போய்விடும். ஆகவே லயத்து வரிசைவீடுகளில் இருக்கும் தொழிலாளர்கள் காலையிலேயே தங்கள் வெறும் போத்தல்களை டிஸ்பென்சரியில் கூட்டித் துடைக்கும் வெள்ளையம்மாவிடம் கொடுத்துவிடுவார்கள். எல்லாம் ஒரே மாதிரிச் சாராயப் போத்தல்கள். மாறிப் போகாமலிருக்க ஒவ்வொரு வீட்டாரும் கழுத்தில் தங்கள் பழஞ்சேலையின் கிழிசல் ஒன்றைக் கட்டி விடுவார்கள். நான் குடிமருந்தான மிக்சரை ஊற்றி, ஓரத்தில் பல்லுப் பல்லாக வெட்டிய காகிதப் பட்டியைப் போத்தலில் ஒட்டி அனுப்புவேன். ஒரு வெட்டுக்கு ஒரு வேளை. எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் அது விளங்கும்.

முதல் நாள் நாலு மணிக்கு எல்லாப் போத்தலும் போன பிறகு, ஜன்னல் பலகையில் ஒன்று மிஞ்சியிருந்தது. கழுத்தில் மஞ்சள் துணி. பழுத்துப்போன காகிதப் பட்டி, அதில் எனக்கு முன் இருந்த செல்லையாவின் கையெழுத்து. யாருடையது என்று கேட்டேன். வெள்ளையம்மா கூட்டுமாறைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஆறாம் லயத்தில் அக்காவும் தங்கையும் பக்கத்துப் பக்கத்துக் காம்பராவில் இருந்தார்கள். தாய் செத்த பின் அவளுடைய மஞ்சள் சேலையை ஆளுக்குப் பாதியாகக் கிழித்து எடுத்துக்கொண்டார்கள். இருவர் போத்தலிலும் அதே துணி. அக்காவுக்குத் தேய்க்கத் தைலம், தங்கை கருப்பாயியின் மகனுக்கு இருமல் மிக்சர். வெளிப்பூச்சு மருந்துக்கு ஒட்டுகிற சிவப்பு லேபல் தீர்ந்திருந்த வாரம் அது. செல்லையா மிக்சருக்கான பட்டியைத் தைலப் போத்தலில் ஒட்டிக் கருப்பாயிக்கு அனுப்பிவிட்டார்.

"காதுக்குள்ள வண்டு கத்துதும்மான்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சாம் ஐயா, அந்தப் புள்ள. விடியறதுக்குள்ள போயிருச்சு."

மிச்சத்தை எட்டாம் நாள் கருப்பாயியே குடித்துச் செத்தாள். செல்லையா சம்பளத்தைக்கூட வாங்காமல் போய்விட்டார். நான் வரும் வரை வெள்ளையம்மாவே அந்தப் போத்தலில் மிக்சர் ஊற்றி வைத்தாளாம்.

"மத்தத மறந்தாலும் இந்தப் போத்தல மட்டும் காலியா வச்சிறாதீங்க ஐயா. கருப்பாயி புள்ளைக்குக் கேக்குறா."

நான் பேய் பிசாசை நம்புகிறவன் அல்ல, அளவுக் குவளையை நம்புகிறவன். இருந்தாலும் தைல ஜாடியை அன்றைக்கே அலுமாரிக்குள் வைத்துப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டேன். மஞ்சள் துணிப் போத்தலில் மிக்சர் ஊற்றி வைத்தேன். ஊற்றினால் குறைந்தா போய்விடுவேன் என்று எனக்கே ஒரு சமாதானம்.

மறுநாள் அது கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

அதற்கு மறுநாளும் அப்படித்தான். மூன்று மாதம் நாள் தவறாமல் ஊற்றினேன். பழகிவிட்டது. பழகிய பயம் பயமாகவே தெரிவதில்லை.

வைகாசியில் மழை விடாமல் அடித்தது. பாதை உடைந்து மருந்து லொறி வரவில்லை. மதுராவுக்கு இருமல் பிடித்து மூன்று இரவு தூக்கமில்லை. அன்றைக்கு நாலு மணிக்கு மிக்சர் ஜாடியைச் சரித்துப் பார்த்தேன். ஒரு போத்தலுக்குத்தான் காணும்.

பலகையில் மஞ்சள் துணி ஈரத்தோடு இருந்தது.

உயிரோடு இருக்கிற பிள்ளைக்குக் கொடுக்காமல் செத்த பிள்ளைக்கா ஊற்றுவது? எந்தத் தகப்பனும் செய்கிறதைத்தான் நானும் செய்தேன். மகளின் போத்தலை நிரப்பிப் பையில் வைத்தேன். வெறும் போத்தலை வெளியே விட்டு ஜன்னலைச் சாத்தினேன்.

சாத்திய பலகைக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சு விட்டார்கள்.

மழைதான் என்று சொல்லிக்கொண்டேன். கணக்குப் புத்தகத்தை எழுதி முடித்துப் பூட்டிவிட்டு இறங்கினேன். எங்கள் குவாட்டர்ஸ் இருநூறு கஜ தூரம். பாதி வழியிலேயே அந்த வாசம் வந்துவிட்டது.

தைலம்.

ஓடினேன். ஞானாம்பிகை வாசலில் நின்றாள். முகத்தில் நிம்மதி.

"லயத்துப் பொம்பிளை ஒருத்தி நனைஞ்சு நனைஞ்சு கொண்டுவந்து தந்தவ, நீங்கள் குடுத்துவிட்டதெண்டு. ஒரு வெட்டுக் குடுத்திட்டன். காரமெண்டு அழுதவள், மூக்கைப் பிடிச்சுப் பருக்கினனான்."

மேசையில் போத்தல் இருந்தது. கழுத்தில் மஞ்சள் துணி. பட்டியில் முதல் வெட்டு வரை குறைந்திருந்தது. திறப்பு என் இடுப்பில்தான் இருந்தது.

மதுரா பாயில் எழுந்து உட்கார்ந்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

"அப்பா, காதுக்குள்ளை வண்டு கத்துது."

தோட்டத்து லொறியில் அவளை ஏற்றினோம். உடைந்த பாதையில் லொறி நின்றது. அங்கிருந்து தோளில் போட்டுக்கொண்டு மழைக்குள் நடந்தேன். என் கழுத்தில் பட்ட மூச்சு அனலாகவும் வேகமாகவும் இருந்தது. ஆஸ்பத்திரி லைட் தெரிந்த இடத்தில் அது இல்லை.

நீல நிறத்தில் வெள்ளைப் புள்ளி போட்ட சட்டை அவளுக்குப் பிடிக்கும். அதையே போட்டுப் புதைத்தோம். தன் கையாலே பருக்கியதை ஞானாம்பிகையால் தாங்க முடியவில்லை. தமையன் வந்து அவளை வவுனியாவுக்குக் கூட்டிக்கொண்டு போனான். குற்றம் என்னுடையது என்று அவளுக்கு நான் சொல்லவில்லை. அந்தத் தைரியம் எனக்கு இருக்கவில்லை.

எட்டாம் நாள் டிஸ்பென்சரியைத் திறந்தேன். வேறு எங்கே போவது? வெள்ளையம்மா வேலைக்கு வரவில்லை. ஜன்னலைத் தள்ளினேன்.

பலகையில் இரண்டு போத்தல்கள் இருந்தன.

கழுவியவை. வெறும் போத்தல்கள். ஒன்றில் மஞ்சள் துணி. மற்றதன் கழுத்தில் ஈர மண் ஒட்டிய நீலக் கிழிசல். மண்ணுக்குள்ளே வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன.

மிக்சர் ஜாடியைச் சரித்தேன். ஒரு சொட்டும் விழவில்லை. மருந்து லொறி இன்னும் வரவில்லை.